சக்கரம் வைத்த விண்கலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருமுறை நிலவுக்கு விண்கலம் புறப்பட்டது. கப்டன் நான்தான். இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அன்றைக்குக் கைதட்டியவர்களில் பல பேர் இன்னும் ஹாலிஎலப் பக்கம் நல்ல திடகாத்திரத்தோடுதான் இருக்கிறார்கள்.

மனிதன் நிலவில் கால் வைத்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கலைவிழா என்றால் வழக்கமாக ஒரு ராஜா, ஒரு மந்திரி, கோணிச்சாக்கைப் போர்த்திய ஒரு புலி, அவ்வளவுதான். அந்த வருடம் வாத்தியாருக்கு என்ன தோன்றியதோ, மூன்று பேர் நிலவுக்குப் போகிற நாடகம் ஒன்றை எழுதிவிட்டார். அதில் தலைமைப் பதவி எனக்குக் கிடைத்ததற்கு அறிவு காரணமல்ல. விழா நடப்பது பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுகிற வெட்டவெளியில். அதன் கடைசி வரிசைவரை கேட்கிற தொண்டை என் ஒருத்திக்குத்தான் இருந்தது.

விண்கலம் செய்யும் பொறுப்பு மாமாவிடம் வந்தது. மாமா அம்மாவின் தம்பி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்களோடு ஒரே அறைக் காம்பராவில் இருந்தார். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பெட்டி அடிப்பது அவர் வேலை. மீதி நேரத்திலும் கையில் சுத்தியல் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உடைந்த பெட்டிப் பலகை ஒன்று கிடைத்தால் போதும், காற்றாடியோ கிளிக்கூண்டோ ஏதாவது ஒன்று பிறந்துவிடும்.

அந்தச் சமயம் மாமாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. ஸ்டோரில் தூள் சலிக்கிற ஒரு பெண்ணை நாங்கள் பிள்ளைகள் சல்லடை அக்கா என்று கூப்பிடுவோம். மேல் லயத்துப் பெரிய கங்காணியின் மகள் அவள். அம்மா தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு மாமாவுக்காக அவளைப் பெண் கேட்கப் போனாள், போன வேகத்தில் திரும்பியும் வந்தாள். கங்காணி சொன்னதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"ஒந்தம்பி நல்ல பயதான், ஆனா பலகையோட வெளையாடிக்கிட்டுத் திரியிறான், ஒரு குடும்பத்துக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரியுமான்னு கேக்குறாருங்க."

கலைவிழாவுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, ஹல்துமுல்லையிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் சல்லடை அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் கங்காணியின் மனம் மாறாவிட்டால் மாமாவின் கதை கந்தல்தான். இதெல்லாம் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. என் மனம் முழுக்க விண்கலம்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. பதுளைக் கடைவீதியில் கருவாடு சுற்றிக்கொடுத்த பத்திரிகைத் தாள் அது. எண்ணெய் ஊறி விண்கலத்தின் கீழ்ப்பாதி மறைந்துபோயிருந்தது. மறைந்த பாதியை நாங்களேதான் யோசித்து உண்டாக்க வேண்டியிருந்தது. மாமா தச்சுப் பென்சிலால் ஒரு பலகையில் வரைவார், நான் குறை சொல்வேன், அவர் இழைப்புளியால் அதை இழைத்துவிட்டு மறுபடி வரைவார். இப்படியே அந்தப் பலகை பாதியாக மெலிந்துவிட்டது.

ஸ்டோரில் கழித்துப்போட்ட பெட்டிகளைப் பிரித்து உடம்பு செய்தார். பெட்டிக்குள் தேயிலை நமுத்துப் போகாமல் ஒட்டுகிற ஈயத்தாளை மேலே போர்த்தினார். வெயிலில் கண் கூசியது. நான் ஆனந்தத்தில் குதித்தேன். மாமாவுக்கு மட்டும் முகம் சரியில்லை.

"இது கடைச் சாமான் மாதிரி இருக்கு பாப்பா. ஸ்டோருல எந்த மெசினாச்சும் இப்புடிப் பளபளன்னு இருக்கா? வேல செஞ்ச மெசினுன்னா அழுக்கு இருக்கணும்."

சொல்லிவிட்டு, ஸ்டோரில் அப்பா நெருப்புப் போடுகிற அடுப்பறையிலிருந்து கரி கொண்டுவந்து எண்ணெயில் குழைத்து என் கண் முன்னாலேயே பூசினார். அங்கங்கே சுத்தியலால் நசுக்கி, நசுங்கிய இடத்தில் தகரம் வைத்து ஒட்டுப் போட்டார். போல்ட்டுகளைச் சுற்றி எண்ணெய் வழிந்த கறை வைத்தார். ஆள் ஏறக் கம்பிப்படி வைத்தார். நான் ஓவென்று அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அது ஏற்கெனவே இரண்டு தரம் நிலவுக்குப் போய் வந்த விண்கலம்.

பிறகு லயமே யோசனை சொல்ல ஆரம்பித்தது. நெருப்பில் ஓடுகிற எதற்கும் சாம்பல் வாரக் கதவு வேண்டும் என்றார் அப்பா. கதவு வந்தது. அம்மா உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கடா? பட்டினியாவா போவாங்க?" என்றாள். அடுப்பு வந்தது. அடுப்பு வந்தால் விறகு வேண்டாமா, விறகு வந்தால் அரிசிப் பானைக்குத் தட்டு வேண்டாமா, ஈரத்துணி காயக் கொடி வேண்டாமா? நான் படத்தைக் காட்டிச் சண்டை போட்டேன். "பாக்குறவங்க நம்பணும்னா உள்ள ஆளு இருந்து பொழைக்க முடியணும்" என்றார் மாமா. அவருக்கு அதுதான் சட்டம்.

ஆனால் ஜன்னல் விஷயத்தில் மாமா செய்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. நிலவைப் பார்க்க ஜன்னல் வேண்டும் என்று நான் தொண்டை வறளக் கேட்டேன். பலகை பலம் போய்விடும், முடியாது என்றார். ஒரு நாள் சல்லடை அக்கா, கிழிந்த சல்லடை வலை ஒன்று இருக்கிறது, எதற்காவது ஆகுமா என்று கொண்டுவந்தாள். வந்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, "அடுப்புக்கு மேல ஒரு ஜன்ன இருந்தா பொக வெளிய போகும்ல" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் லயத்துப் படியேறி முடிப்பதற்குள் ஜன்னல் வெட்டியாகிவிட்டது. வலையும் அதில் அடித்தாகிவிட்டது. மாமாவோடு அன்றைக்கு முழுக்க நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அப்பா பெரிய சிக்கலைக் கிளப்பினார். புது வண்டிக்குப் பூசை போடாமல் ஓட்டலாமா? பூசை என்றால் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். விண்கலத்துக்கோ சக்கரம் இல்லை. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? லயத்தில் இரண்டு நாள் இதே பேச்சு. பூசையில்லாமல் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று என்னோடு நிலவுக்கு வருகிற இரண்டு பையன்களின் அம்மாக்களும் ஒற்றைக் காலில் நின்றார்கள். கடைசியில் மாமா, கொழுந்து ஏற்றுகிற பழைய வண்டி ஒன்றின் நான்கு சக்கரங்களைக் கழற்றிப் பூட்டிவிட்டார்.

"படத்துல சக்கரமே இல்ல மாமா!"

"எறங்குன பொறகு அங்கிட்டு இங்கிட்டு போயி வரணுமா இல்லையா? நடந்தா போவ?"

நிலவில் சக்கர வண்டி ஓட்டினார்கள் என்று பின்னாளில் படித்தபோது, மாமா சும்மா சமாளிக்கத்தான் சொன்னார் என்று தெரிந்தும் எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் நிற்க இடமில்லை. பெரிய கங்காணி முன்வரிசையில் குடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மாமா போட்ட திட்டம் எளிமையானது. விண்கலம் நின்ற இடத்திலேயே நிற்கும். பின்னால் மலை வரைந்த பெரிய துணி ஒன்று தொங்கும். நான் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி முடித்ததும் அப்பா சாம்பிராணிப் புகை போடுவார், நாங்கள் உள்ளே குலுங்க வேண்டும், மாமா அந்தத் துணியைக் கீழே இறக்குவார். மலை கீழே போனால் விண்கலம் மேலே போவதாகத் தெரியும். ஒத்திகை பார்த்த வாத்தியாரே மயங்கிப் போனார்.

பூசை போட வயதில் பெரியவர் என்று கங்காணியைக் கூப்பிட்டார்கள். தேங்காய் இரண்டாகப் பிளந்தது, நல்ல சகுனம். சக்கரம் உருளாமல் கொடுத்திருந்த அண்டைக்கல்லை எடுத்தால்தானே பழம் நசுங்கும்? "கல்ல எடுங்கடா" என்றார் கங்காணி. எடுத்தார்கள். கொஞ்சம் தள்ளினார்கள், பழம் நசுங்கியது, எல்லோரும் கும்பிட்டார்கள். கும்பிட்ட பக்தியில் கல்லைத் திரும்ப வைக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

நான் எண்ணினேன். புகை வந்தது. மலை இறங்கியது. நாங்கள் சொன்னபடி குலுங்கினோம். விண்கலம் புறப்பட்டேவிட்டது.

பெரட்டுக்களம் கொழுந்து பறிக்கிற மலைப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். புகைக்குள்ளிருந்து முதலில் எங்கள் மூக்கு வெளியே வந்ததாம், அப்புறம் முழு உடம்பும். கங்காணி குடையைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். இரண்டு பையன்களும் "அம்மா!" என்று அலறினார்கள். எனக்கு மட்டும் துளி சந்தேகமில்லை. ஜன்னலில் முகத்தை வைத்து, "பூமியைத் தாண்டிவிட்டோம்! நிலவு தெரிகிறது!" என்று வாத்தியார் எழுதிக்கொடுத்ததை உச்சத் தொண்டையில் முழங்கினேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது. விண்கலத்தைக் களத்துக்கு இழுத்துவரக் கட்டிய கயிறு பின்னால் தொங்கியது, மாமா ஓடிவந்து அதைப் பிடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி பாய்ந்துவந்து அதே கயிற்றைப் பிடித்தாள், சல்லடை அக்கா. இரண்டு பேரும் இழுத்துக்கொண்டே வர, விண்கலம் முதல் வரிசைத் தேயிலைச் செடியில் மெத்தென்று சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கே கயிற்றை விடவும் தெரியாமல் பிடித்திருக்கவும் தெரியாமல் இரண்டு பேரும் நின்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி இறங்கி வந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா முகத்தில் ரத்தமே இல்லை. கங்காணி குனிந்து விண்கலத்துக்குள் தலையை நுழைத்தார்.

இத்தனை நாளில் உள்ளே பார்க்க வந்த பெரிய மனிதர் அவர்தான். எனக்கு வாய் நிற்குமா? "இது அடுப்பு. இது அரிசித் தட்டு, மாமா செஞ்சாரு. பொக போக ஜன்ன, அது அக்கா சொன்னாங்க. இது துணி காயப்போட. தண்ணிக் கொடம் சாயாம இருக்க இந்த வளையம், அதுவும் மாமாதான்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு அவர் கண் மேலே போனது. கூரைச் சட்டத்தில் ஒரு இரும்பு வளையம் அடித்திருந்தது.

"இது எதுக்கு ஆத்தா?"

"மேல போனா ஒடம்பு மெதக்கும் தாத்தா. அப்ப புடிச்சிக்கிறதுக்கு. மாமா சொன்னாரு."

அப்படி ஒரு வளையம் எங்கள் லயத்தில் எல்லாக் காம்பரா உத்தரத்திலும் இருந்தது. பிள்ளை பிறந்தால் தூளி கட்டுவதற்கு. எங்கள் வீட்டில் நானே அதில் தூங்கி வளர்ந்தவள்தான், ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கங்காணி வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"தாங்குமாடா?" என்று கேட்டார், மாமாவைத் திரும்பிப் பார்க்காமலே.

"தாங்குமுங்க" என்றார் மாமா.

"நானே தொங்கிப் பாத்திருக்கேன் தாத்தா" என்று நான் சாட்சி சொன்னேன்.

கங்காணி சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலையை வெளியே எடுத்து அம்மாவிடம், "நாளைக்கு அவுங்கள வர வேணாமுன்னு ஹல்துமுல்லைக்கு ஆள் அனுப்புறேன். நீ தட்ட எடுத்துக்கிட்டு வாம்மா" என்றார்.

சல்லடை அக்கா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அழுதாள், அப்பா மாமாவின் முதுகில் ஓங்கி அடித்தார், மாமா செடிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே தனியாக நின்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. நிலவுக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு, மிதக்கும்போது எதைப் பிடிப்பது என்கிற பெரிய விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பாதியில் விட்டுவிட்டு இந்தப் பெரியவர்களுக்கு ஹல்துமுல்லையில் அப்படி என்ன அவசர வேலை என்று எனக்கு விளங்கவே இல்லை.