எங்கள் தலைமாட்டில் வந்து நின்ற மலைச்சிங்கம்

போன ஜூலை பள்ளி விடுமுறையில் நடந்தது இது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அப்போது குளிர் வாட்டிக்கொண்டிருந்தது. அங்கே தகனினி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, நான், கணவர், ஒன்பது வயது மகள் மூவரும் கலிபோர்னியாவில் இருக்கும் நாத்தனாரைப் பார்க்கப் போனோம். அங்கே நல்ல வெயில் காலம். வீட்டிலேயே அடைந்து கிடப்பானேன் என்று, நாத்தனாரின் காரையும் டென்டையும் வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பினோம்.

நியூசிலாந்தில் இருக்கிறவர்களுக்கு வெளியே படுக்கப் பயமே கிடையாது. அங்கே பாம்பும் இல்லை, புலியும் இல்லை. கடற்கரையோ காடோ, பாயை விரித்தால் தூக்கம்தான். மலை நுழைவாயிலில் இருந்த காவலர், "இங்கே மலைச்சிங்கம் உண்டு, பூமா என்கிற பெரிய காட்டுப்பூனை. எதிரே வந்தால் ஓடாதீர்கள், குனியாதீர்கள். உருவத்தைப் பெரிதாகக் காட்டிச் சத்தம் போடுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் எல்லோருக்கும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டு வந்தோம். கணவர் டென்டுக்குள் படுத்தார். மகள் "அவுட்சைடு, அம்மா, ப்ளீஸ்!" என்று கெஞ்சியதால் நாங்கள் இருவரும் வெளியே தார்ப்பாய் விரித்துப் படுத்தோம்.

விடியும் நேரம், தண்ணீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தேன். தலைமாட்டுப் பக்கம் மேட்டில் ஏதோ நின்றது. நாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வால் தெரிந்தது. நீளமாக, தடிமனாக, நுனி மட்டும் கறுத்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. இரண்டே பாய்ச்சலில் எங்களிடம் வந்துவிடும் தூரம். அது என்னைப் பார்க்கவில்லை. ஜிப் வைத்த தூக்கப்பைக்குள் கழுத்துவரை மூடிக்கிடந்த என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் உடம்பு துடித்தது. ஆனால் தூக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். மெதுவாக எழுந்து, அவளுக்கு இரண்டு பக்கமும் கால்வைத்து நின்றுகொண்டேன். போர்வையை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்தேன்.

"போ! போ அந்தப் பக்கம்! கிட்ட வந்தே, தொலைச்சிடுவேன்!"

மகள் விழித்துக்கொண்டு நெளிந்தாள். "அம்மா, ஜிப் ஸ்டக்!"

"ஆடாதடி, அப்படியே படு. அம்மா இருக்கேன்."

கணவர் பதறி வெளியே வந்தார். பார்த்ததும் குக்கரை எடுத்துக் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார். மலைச்சிங்கம் கொஞ்சம் பின்வாங்கியது. தப்பித்தோம் என்று மூச்சுவிட்ட நேரத்தில் நின்று திரும்பி, தாழப் பதுங்கியபடி மறுபடி எங்களை நோக்கி வந்தது.

அப்போதுதான் எனக்குள் ஏதோ வெடித்தது. மகளைத் தாண்டி அதை நோக்கி ஓரடி வைத்தேன். பிறகு இன்னொன்று. தொண்டை கிழியக் கத்தினேன். பின்னாலிருந்து கணவர் எறிந்த கல் அதன் முன்காலுக்கு அருகே விழுந்து சிதறியது. அது என் கண்ணையே பார்த்தது. நானும் பார்வையை எடுக்கவில்லை. சட்டென்று உடம்பை வளைத்துத் திரும்பி, புதர்களைத் தாண்டி மலை மேலே ஓடியே போய்விட்டது!

தூக்கப்பையின் ஜிப்பைக் கணவர் பிய்த்தே எடுத்தார். மகள் வெளியே வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "யூ வேர் ஹியூஜ், அம்மா!" என்றாள். நானோ குள்ளம், அவள் தோழிகளே என் உயரத்தை எட்டிப்பிடிக்கும் நிலையில் இருக்கிறார்கள். மூவரும் அந்த இடத்திலேயே நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு வந்த காவலர் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆக்லாந்து திரும்பியதும் மகள் இதைப் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல மலைச்சிங்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது. எனக்கு இன்றும் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பயத்தோடேயே முன்னால் நடக்க என் கால்களுக்குத் தெரியும் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.