வெரோனாவுக்கு எழுதாத இரண்டு

போன கிழமை லோரன்ஸ் அவென்யூவில் பஸ்ஸுக்காக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பிளாசாவின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வந்து முகத்தில் அடித்தது. துணி காயவைக்கும் மெஷின் வெளியே தள்ளுகிற காற்று. ஈரப் பருத்தி, பிளீச், கொஞ்சம் கருகிய நூல், எல்லாம் கலந்த வாசம். தை மாதக் குளிரில் அந்தக் குழாய்க்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் நின்றேன். பஸ் போய்விட்டது. பஸ்ஸைத் துரத்தி ஓடுகிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கு வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டது அந்த வாசம்தான். ஆஸ்பத்திரிகளின் பெட்சீற்றுகளைத் தோய்த்து மடித்துக் கொடுக்கும் பெரிய லோண்ட்ரி ஒன்றில் வேலை. ஊரில் பட்டதாரி, இங்கே வெள்ளாவி என்று அம்மாவிடம் பகிடி விடுவேன். அம்மாவுக்கு அது துண்டாகப் பிடிக்காது. பெட்சீற்றைத் தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, கிட்ட வந்து, ஒருவர் கையில் கொடுத்து, மறுபடி விலக வேண்டும். மறுமுனையை எனக்குப் பிடித்தவள் வெரோனா. ஜமேக்காவில் பிறந்தவள், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், எங்கள் யூனியன் பிரதிநிதி. மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே நாள் முழுக்க அதைத் தேடுவாள். என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த கறியை ருசி பார்த்துவிட்டு, "இது குழந்தைப்பிள்ளைகளுக்குச் சமைத்ததா?" என்று கேட்டு யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளின் மானத்தை வாங்கியவள். அவள் பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன், அவளுடைய அழகு இதில் பாதிகூட வராது.

யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தகாலத்தில் என் தாய்மாமன் குடும்பத்தோடு வன்னியில் அகப்பட்டிருந்தார். எந்த நேரமும் போன் வரலாம் என்று அம்மா வீட்டிலும் நான் வேலையிலும் காத்திருந்தோம். மெஷின் ஓடும் இடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வெரோனா சுப்பவைசரிடம் போய் என்ன கதைத்தாளோ தெரியாது, திரும்பி வந்து என் போனை வாங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்காது. எனக்குப் பையில் அதிர்ந்தால் தெரியும்" என்றாள். ஒரு நாள் அது அதிர்ந்தது. தள்ளுவண்டிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். எடுத்தால், வீட்டுக் காற்றுக்குழாய் துப்பரவு செய்ய வேண்டுமா என்று யாரோ ஒரு விற்பனைக்காரன் கேட்கிறான். நான் அழத் தொடங்க, வெரோனா போனைப் பறித்து அவனுக்குக் கொடுத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. மாமியும் பிள்ளைகளும் முகாமில் இருக்கிறார்கள் என்று ஆடி மாதத்தில் தகவல் வந்தது. மாமாவைப் பற்றி ஒன்றுமே வரவில்லை.

அந்த மே மாதத்தில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இங்கே ரோட்டில் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். வெரோனா தன் லீவு நாளில் ஒரு பெட்டி தோடம்பழத்தோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். மழை. இருவரும் ஒரே குடைக்குள் ஆளுக்கொரு தோளை நனைத்துக்கொண்டு நின்றார்கள். காரில் போன ஒருவன் உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்த, "எந்த நாட்டுக்கு?" என்று வெரோனா திருப்பிக் கத்தினாள்.

"ஆர் பிள்ளை இவ? நல்லாக் கத்துறா" என்றா அம்மா.

"என்னோட வேலை செய்யிறவ அம்மா."

"அப்ப ஒரு நாளைக்கு வீட்டை கூட்டிக்கொண்டு வா."

அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் எங்கள் தொகுதியில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யக் கூட்டம் வைத்தது. பெரிய தேர்தலுக்கு முதல் கட்சிக்குள் நடக்கிற தேர்தல் அது. கட்சியில் சேர்ந்தவர்கள் மட்டும் வோட்டுப் போடலாம். பாராளுமன்றத்தில் எங்களுக்காகக் கதைக்க எங்கள் ஆள் ஒருவர் இருந்திருந்தால் என்ற ஏக்கம் அப்போது எல்லார் வீட்டிலும் இருந்தது. குகன் அண்ணை நின்றார். ஸ்காபரோவில் பாதித் தமிழருக்குக் கார் ஓடப் பழக்கியவர். என்னையும் பழக்கினார், சோதனையில் மூன்று தரம் தவறினேன், அதில் அவர் பிழை ஒன்றுமில்லை. ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில்காரர் என்று எல்லாரும் அவருக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டாகப் பிரிந்திருந்த ஒரு சங்கம் இரண்டு கடிதம் கொடுத்தது. அவருக்கு எதிராக ஒரு வக்கீல், பழைய எம்.பி.யின் ஆசீர்வாதமும் தொகுதியின் பழைய வெள்ளைக் குடும்பங்களும் அவர் பக்கம். மூன்றாவது ஆள் வெரோனா. அவளுக்குப் பின்னால் யூனியனும் அவளுடைய சேர்ச்சும்.

நான் குகன் அண்ணைக்குத்தான் வேலை செய்தேன். அதை வெரோனாவிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு கிழமை மென்று விழுங்கித் திரிந்தேன். கடைசியில் அவளே சொன்னாள்: "நீ உன் ஆட்களோடு நில். நானும் அதைத்தான் செய்வேன். இரண்டாவதை எனக்குத் தா." அந்த வோட்டுப் பேப்பரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் எழுத வேண்டும். கடைசியாக வருபவரை நீக்கிவிட்டு, அவருடைய பேப்பர்களில் இரண்டு யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவருக்கு என்று குகன் அண்ணையும் வெரோனாவும் கைகொடுத்து ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வயதான ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்துகிற பொறுப்பு என்னுடையது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெரோனாவின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வெக்ஸ்போர்ட்டில் ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்து ஹோலில் வகுப்பு வைத்தேன். மீன் ரோல்ஸும் பிளேன்ரீயும் மேசையில் இருந்தன. வந்தவர்களில் பாதிப் பேர் ரோல்ஸைப் பார்த்த அளவுக்கு என்னைப் பார்க்கவில்லை. பேப்பரைக் கொடுத்து, குகன் அண்ணைக்கு ஒன்று, வெரோனாவுக்கு இரண்டு என்றேன்.

"ரெண்டு போட்டால் ஒண்டு செல்லாமல் போயிடுமெல்லே?" என்றா ஒரு அன்ரி.

"போகாது அன்ரி."

"ஊரில ஒரு புள்ளடிதான் போட்டனாங்கள்" என்று விரலால் காற்றில் ஒரு X கீறிக் காட்டினா.

பின்வரிசையிலிருந்து ஒரு அங்கிள் எழும்பினார். "உந்தக் கறுவலுக்கு நாங்கள் ஏன் போடவேணும்? எங்கட பெடியனுக்குப் போடத்தானே வந்தனாங்கள்!" சிலர் தலையாட்டினார்கள். நாங்கள் ஏதோ வெண்ணெயில் உருட்டி எடுத்த சாதி என்பது போல. முன்வரிசையில் இருந்த அம்மா என்னைப் பார்த்தா. நான் சொல்லியிருக்க வேண்டும்: மழையில் தோடம்பழத்தோடு நின்றது இவதான், என் போனைப் பையில் வைத்துக் காவல் இருந்தது இவதான் என்று. சொல்லவில்லை. களைத்திருந்தேன், சண்டை வந்தால் குகன் அண்ணையின் வோட்டும் குழம்பும் என்று பயந்தேன், அந்த அங்கிள் ஒரு சங்கத்தின் தலைவர் வேறு.

"சரி, விருப்பமில்லாத ஆக்கள் ஒண்டை மட்டும் போடுங்கோ. புள்ளடியெண்டாலும் பரவாயில்லை" என்றேன்.

எல்லாருக்கும் நிம்மதி. ரோல்ஸ் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்மில் வோட்டு நடந்தது. எங்கள் ஆட்கள் பள்ளிக்கூட பஸ்களில், நல்ல சேலை உடுத்தி, திருவிழாவுக்கு வந்தது போல வந்து இறங்கினார்கள். நாங்கள் வெல்வோம் என்றே நினைத்தோம். முதல் எண்ணிக்கையில் குகன் அண்ணை மூன்றாவது. அவருடைய பேப்பர்களைப் பிரித்தார்கள். புள்ளடியை ஒன்று என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பேப்பர்களில் பெரும்பாலானவற்றில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. நாலைந்து பேப்பரில் மட்டும் இரண்டு இருந்தது, வகுப்பில் அம்மாவின் வரிசையில் இருந்தவர்களுடையதாகத்தான் இருக்கும். வக்கீல் வென்றார். எங்கள் பஸ் ஒன்றில் வந்தவர்கள் எழுதியிருந்தாலே போதும், வெரோனா வென்றிருப்பாள். எண்ணும் மேசையில் எங்கள் சார்பில் நின்ற பெடியன் வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னான்: "அக்கா, அவவின்ர ஆக்கள் எல்லாரும் குகன் அண்ணைக்கு ரெண்டு போட்டிருக்கினம். எல்லாரும்."

திங்கட்கிழமை வெரோனா வழமை போல வேலைக்கு வந்தாள். நாலைந்து சீற் மடித்தோம். பிறகு, கிட்ட வந்து முனையை என் கையில் தரும்போது கேட்டாள்:

"நான் கறுப்பி என்பதாலா?"

"இல்லை. அவர்களுக்கு இலக்கம் போடத் தெரியாது."

"நீதானே சொல்லிக்கொடுத்தாய்?"

அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கண்ணாடியைத் தேடுவது போல அவள் கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டு, அடுத்த சீற்றை எடுத்து இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். அம்மா கேட்டபடி அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக எனக்குப் பிறகு முகம் இருக்கவில்லை. அந்த அங்கிள் சொன்ன சொல்லையும், அதற்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததையும் ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை.

லோண்ட்ரி பிறம்ரனுக்குப் போய்விட்டது. அங்கே மெஷினே மடிக்கிறதாம். அந்த அங்கிள் இல்லை, அம்மா இல்லை, பஸ்ஸில் வந்திறங்கியவர்களில் பலர் இல்லை. வெரோனா காலமாகி இரண்டு வருடமென்று பழைய யூனியன்காரி ஒருத்தி சந்தையில் சொன்னாள். செத்தவீட்டுக்குக்கூடப் போகாத நான் அதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். இப்போது எந்தத் தேர்தல் வந்தாலும் புல்வெளிகளில் எங்கள் நீளப் பெயர்களோடு பலகைகள் நிற்கின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மழையில் எங்கள் இனமாக இல்லாமலே எங்களோடு வந்து நின்றவர்களில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் என்னிடம் கேட்டது இரண்டாம் இடம். அதைக்கூட நான் வாங்கிக் கொடுக்கவில்லை.