நூற்றுப் பன்னிரண்டு கெல்வின்

தெரசா பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் மகள். முப்பத்திரண்டு வயதில், தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி.

அவள் ஆராய்ந்தது அரிசி மணி அளவுப் படிகம். எர்பியம் என்ற அருமண் தனிமமும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தங்கள் எதிரெதிராக நிற்பதால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். துளிக் காந்தம் மிஞ்சும். அந்த மிச்சம் படிகத்தின் ஒரே திசையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். குளிரக் குளிர, எர்பியம் இழுக்கும் இழுப்பில் அது செங்குத்தாக வேறு திசைக்குத் திரும்பிவிடும். மற்றவர்கள் கண்டது தொண்ணூற்றைந்து கெல்வின் வாக்கில், அதாவது பூஜ்யம் செல்சியஸுக்கும் நூற்று எழுபத்தெட்டு டிகிரி கீழே. தன் படிகம் நூற்றுப் பன்னிரண்டிலேயே திரும்புகிறது என்று தெரசா ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள்.

'மெதுவாகக் குளிரவைத்து மறுபடி அளந்து காட்டுங்கள்' என்று இதழிலிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை கெடு. முதல் அளவீட்டின்போது வெப்பமானி படிகத்தைவிட்டுக் கழன்றிருந்தது. அரைகுறையாக ஒட்டவைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் தொடர்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் படிகத்தைக் குளிரவைக்கத் திரவ நைட்ரஜன் வாங்கி காரில் திரும்பினாள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டன.

"என்னங்க மேடம், கேன் மேல பனி படியுது?" என்றார் டிரைவர் பச்சியப்பன்.

"கேன் சொவுத்துல எங்கயோ கசியுதுங்கண்ணா. இப்படியே நின்னா எல்லாம் ஆவியாப் போயிரும். கண்ணாடிய எறக்கியே வைங்க, மூச்சு முட்டிரும்."

ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள். ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால் கேனில் கால்வாசிதான் மிச்சம். ஒருமுறை அளக்கலாம், தவறினால் இன்னொன்றுக்கு வழியில்லை.

நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் இறக்கினாள். நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பன்னிரண்டு. திரையில் காந்த அளவைக் காட்டும் கோடு அசையவில்லை. நூற்றைந்து. அசையவில்லை. தொண்ணூற்றாறில் கோடு சரியத் தொடங்கி, தொண்ணூறுக்குள் தரையைத் தொட்டது. எல்லோருடைய படிகத்தையும் போலத்தான் அவளுடையதும்.

வழிகாட்டி மாதவராஜ் பின்னால் வந்து நின்றார்.

"கேன்ல கோளாறுனு சொன்னியே. இந்த அளவுதான் தப்போ என்னவோ. டைம் கேட்டு எழுதலாமா?"

அப்படியே தலையாட்டிவிட்டால் போதும். அவள் எழுந்து நின்றாள்.

"இல்லைங்க சார். அன்னிக்கு சென்சார் கழண்டிருச்சு, திரும்ப ஒட்டுனது சரியா ஒட்டல. வேகமாக் குளிரவெச்சேன். படிகம் குளுந்து போச்சு, சென்சார் பின்தங்கி சூட்டக் கூடக் காட்டிருச்சு."

"ஏன் அப்பவே சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கட்டுரைய திரும்ப வாங்கிக்கறோம்னு எழுது. காரணத்தையும் எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."

கெடு முடிய இருபது நிமிடம் இருக்கையில் மின்னஞ்சல் போனது. அதே முறையில் அளந்திருந்த வேறு நான்கு படிகங்களையும் அவள் முதலிலிருந்து அளக்க வேண்டியிருந்தது. பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. மாதவராஜ் ஒரு மாதம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.