முப்பத்து மூன்றில் ஓடிய தட்டு

மின் கணக்கு எடுக்கப் போகும் வீடுகளில் மீட்டர் பெட்டி பெரும்பாலும் படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கும். வேண்டாத சாமான்களும் அங்கேதான் கிடக்கும்: காலொடிந்த நாற்காலி, ஈரம் குடித்த புத்தகக் கட்டு, பழைய இசைத்தட்டு. கணக்கெடுக்கிறவர் எண்ணைக் குறித்த கையோடு, "இதைத் தூக்கிப் போடப் போறீங்களாம்மா?" என்று கேட்பார். இருபது வருடம் அப்படிக் கேட்டதில் ஊருக்கு அவர் 'மீட்டர்' ஆனார். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

"இந்த வீட்ல தூசி படியாத ஒரே சாமான் நான்தான். அதான் உங்க கண்ணுல படல" என்பாள் மனைவி.

பொறுக்கியவற்றில் யாரும் கேட்டிராத ஒரு தட்டையும், யாரும் படித்திராத ஒரு புத்தகத்தையும் பற்றி வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதிவந்தார். தபால்காரர் ஒருவர் தன்னைக் கடித்த நாய்களைப் பற்றி எழுதிய நூல்கூட அதில் வந்தது. வாசகர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பிறகுதான் அந்தச் சின்னத் தட்டு கிடைத்தது. நடுவில் ஒட்டியிருந்த தாளைக் கரையான் தின்றிருந்தது. உறையில் பென்சிலால் 'தையற்கடை அக்கா' என்று மட்டும். சொல்லே இல்லாமல் ஒரு பெண் ராகம் இழுக்கிறாள். சின்னத் தட்டு என்றால் வேகம் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. அபூர்வமாக முப்பத்து மூன்றில் ஓடுகிறவையும் உண்டு. வேறு யாராக இருந்தாலும் இரண்டிலும் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். இவருக்குத் தன் காதின் மேல் அசாத்திய நம்பிக்கை. முப்பத்து மூன்றில் வைத்தார், கண் கலங்கியது, அதோடு வேகக் குமிழைத் திருப்பவே இல்லை.

'துக்கம் இவ்வளவு கனமாக இறங்கி நான் கேட்டதில்லை' என்று எழுதினார். கடிதங்கள் குவிந்தன. பதிப்பாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். தட்டை மறுபடி வெளியிடுவது, கூடவே மீட்டர் எழுதும் நாற்பது பக்கப் புத்தகம்: 'ஒரு தையற்காரியின் துயரம்'. முதல் முறையாக ஒரு அட்டையில் அவர் பெயர்.

வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கையில், கழுத்தில் அளவுநாடாவோடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"நீங்க எழுதினது எங்கம்மாவைப் பத்திதாண்ணே. போய் ஒன்பது வருஷமாச்சு. ஒரு தடவ அந்தக் குரலக் கேட்டுட்டுப் போயிடறேன்."

ஓட்டினார். அவள் முகம் சுருங்கியது. விரல் முழங்காலில் தானாகத் தாளம் போட்டது. தாளம் குரலை முந்திக்கொண்டு ஓடியது.

"ராகம் அம்மாவோடதுதான். ஆனா மெஷினை மிதிச்சுக்கிட்டேதான் பாடுவாங்க. இவ்வளவு மெதுவா மிதிச்சா சக்கரம் பின்னால சுத்தி நூல் அறுந்துடும்ணே."

மீட்டர் நாற்பத்தைந்துக்குக் குமிழைத் திருப்பினார். குரல் துள்ளி எழுந்தது. விம்மல் என்று அவர் மூன்று பக்கம் உருகியிருந்த இடம், சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு.

"அம்மா!" என்றாள் அவள், தானும் சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "புத்தகத்துல மாத்திடுவீங்கல்ல?"

"மாத்திடறேன்மா." சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

மறுநாள் போய் விஷயத்தைச் சொன்னதும், பதிப்பாளர் புத்தகக் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை அவர் கையில் திணித்தார். "அச்சாகி வந்தாச்சு மீட்டர். சிரிக்கிற தையற்காரிய யாரு காசு கொடுத்து வாங்குவா? நாப்பத்தஞ்சுல ஓட்டினா உங்க புத்தகத்தக் கிழிச்சுப் போட்டுட வேண்டியதுதான். எனக்கு ஆட்சேபணை இல்ல. கிழிக்கறீங்களா?"

அட்டையில் தன் பெயரைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மை ஒட்டவில்லை, நன்றாகக் காய்ந்திருந்தது. பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

விழாவில் தையற்காரியின் மகளுக்கு முன் வரிசையில் இடம். குரல் முப்பத்து மூன்றில் அரங்கம் முழுக்க ஊர்ந்தது. நாலைந்து பேர் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர் தன் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலில் அச்சிட்டிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தார்.

முடிந்ததும் வயதான அம்மாள் ஒருத்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், உங்கம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களோ?"

"இல்லங்க. எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க."

"உள்ள இருக்கறத மறைக்கத்தானேம்மா சிரிக்கறது? உனக்கு எப்படித் தெரியும், நீ சின்னப்பொண்ணு. சார் எழுதியிருக்காரே, எட்டாம் பக்கம். படிச்சுப் பாரு."

இரண்டடி தள்ளி மேசையில் மீட்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. "பேரு என்னன்னு போடட்டும்?" என்று அடுத்தவரைக் கேட்டார்.