ஸ்டெப்னிக்கு எல் போர்டு

எங்கள் பகுதியில் யாராவது "தண்டவாளத்துக்குப் போறேன்" என்று சொன்னால் பதற வேண்டாம். அங்கே ரயில் நின்று இருபது வருஷமாகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நடக்கிறவர்களுக்கென்று நகராட்சி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பாதை போட்டது. பாதைக்கு நீளமாக ஒரு பெயர் வைத்துப் பலகையும் நட்டார்கள். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. வாயில் வந்த பெயர்தான் நின்றது.

அந்தப் பாதையில் என் மனைவியைத் தெரியாதவர்கள் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், அதன்மேல்தான் அவள் வலது கால் குடியிருக்கிறது. சினிமாவில் கார் வேகமாக வந்தால்கூட முன் சீட்டில் இருப்பவர் முதுகில் ஓர் அழுத்து விழும். நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆனால் கத்த மாட்டாள். அவளே கார் கற்றுக்கொள்ளப் போன காலத்தில் பக்கத்திலிருந்த மாஸ்டர் காது கிழியக் கத்தினாராம். வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை அவர் கையில் கொடுத்து, "நீங்க கத்துறதுல கார் ஓடாது சார், பெட்ரோல்லதான் ஓடும்" என்று சொல்லிவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து அதே ஸ்கூலில் அவர் சீட்டில் உட்கார்ந்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்வாள்: "பயத்த கால்ல வச்சுக்காதீங்க. பிரேக் என்கிட்ட இருக்கு. நீங்க ரோட்டப் பாருங்க."

டெஸ்ட் நாளில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கத்துக் குடுத்தாச்சு, அப்புறம் என்ன பார்வை வேண்டிக்கிடக்கு?" என்றாள். பாஸாகி வருகிறவர், காரில் கட்டியிருக்கும் சிவப்பு எல் போர்டைத் தன் கையாலேயே அவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான் பட்டமளிப்பு விழா.

நான் இதற்கு நேர் எதிர். வீட்டு முன்னறையில் மாலை ஐந்து முதல் ஏழு வரை பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முப்பத்தோரு வருஷமாக என் வாயில் இருப்பது ஒரே சொல். படி. "சத்தமாப் படி." "பராக்குப் பாக்காமப் படி." "படிக்கிற மாதிரி நடிக்காமப் படி." உங்க தொண்டைக்கு ஒரு பிரேக் வைக்கணும் என்பாள் மனைவி.

எங்கள் நாயின் பெயர் ஸ்டெப்னி. குட்டியாக இருந்தபோது ஸ்கூல் கார் டிக்கியில், ஸ்டெப்னி டயரின் குழியில் சுருண்டு படுத்துக் கிடந்தது. பெண் நாய். அந்தச் சொல்லுக்கு ஊரில் இன்னோர் அர்த்தம் உண்டென்பது மனைவிக்கு நன்றாகவே தெரியும், என் மானத்தை வாங்குவதற்கென்றே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் "யார் கூட சார் வாக்கிங்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஸ்டெப்னிக்கு ஒன்பது வயதானபோது சர்க்கரை வியாதி வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு கண்ணும் வெளுத்துப் பார்வை போய்விட்டது. கால்நடை மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: "ஊசி நீங்க போட்டுரலாம். நடக்க வேண்டியது அது. தினம் நடந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஜம்முனு இருக்கும். மூலைல படுத்துட்டா முதல்ல காலு போயிரும், அப்புறம் மத்ததெல்லாம் ஒவ்வொண்ணாப் போகும்."

அது ஏற்கெனவே மூலையில் படுத்தாயிற்று. கட்டிலுக்குக் கீழே போனது வெளியே வரவே இல்லை. தெருவில் நடத்தலாமென்றால் பஸ்ஸும் பைக்கும் உரசிக்கொண்டு போகிற தெரு. மிஞ்சியது தண்டவாளம் ஒன்றுதான். மனைவி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கீழேயே படுத்து அதோடு பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அதன் மார்பு வாரில் ஓர் எல் போர்டைக் கட்டினாள். "வாடி, கிளாஸுக்கு நேரமாச்சு" என்றாள். வந்தது.

லெஃப்ட், ரைட், மெதுவா, பிரேக் எல்லாம் பத்தே நாளில் பிடித்துக்கொண்டது. எல் போர்டைப் பார்த்து, எதிரே வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள். சிக்கல் ஒரே இடத்தில்தான். பாதையின் நடுவே ஒரு கால்வாய், அதன்மேல் இரும்புப் பாலம், ஏற மூன்று படி, இறங்க மூன்று படி. "ஏறு" என்றால் அது காரைத் தேடியது, ஏனென்றால் காரில் ஏற்றும்போது அதைத்தான் சொல்லிப் பழக்கியிருந்தாள். அதனால் "படி" என்று வைத்தாள். படி என்றால் முன்னங்காலைத் தூக்க வேண்டும்.

வினை அங்கேதான் வந்தது. மாலையில் நான் "படி" என்றேன். மேசைக்கடியில் ஸ்டெப்னி காலைத் தூக்கியது. இன்னொரு "படி", இன்னொரு கால். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று என் வகுப்பில் எல்லோரும் உற்சாகமாகப் "படி படி" என்றார்கள், படிக்கத்தான் ஒருவரும் இல்லை. மனைவி வேலையிலிருந்து வந்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"இந்த வீட்ல இனிமே அந்த வார்த்தைய யாரும் சொல்லக் கூடாது."

"அப்ப நான் எப்படிப் பாடம் நடத்துறது?"

"அந்த ஒரு வார்த்தைலதான் பாடம் நடத்துறீங்கன்னா, நடத்தாமலே இருக்கலாம்."

பல்லைக் கடித்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வந்து விழுந்தது. இரண்டு வாரத்தில் ஸ்டெப்னியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. அவள் சொன்னால் கால் தூக்கும், நான் சொன்னால் காதுகூட ஆடாது. புலி வருது புலி வருது என்று கத்தியவன் கதைதான். என் 'படி'க்கு மதிப்பில்லை என்பதைப் பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள், மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

இதற்கு நடுவில் அந்த மோதல் நடந்தது. நடைபயிற்சிச் சங்கத்தின் செயலாளர், தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பின்பக்கமாக நடந்தால் முட்டிவலி போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு நாள் காலையில் பின்பக்கமாகவே நடந்து வந்தார். மனைவி "சார், சார்" என்று கூப்பிட்டும் காதில் விழவில்லை. கண் தெரியாத நாயும் கண்ணைப் பயன்படுத்தாத மனிதரும் மோதிக்கொண்டார்கள். விழுந்தவர் அவர்.

"கண்ணு தெரியாத நாய் இங்க வேண்டாம்மா" என்றார் தூசியைத் தட்டிக்கொண்டே. "குழந்தைங்க வர்ற இடம். நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" பாதையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நகராட்சி சங்கத்திடம் விட்டிருந்தது, அதனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மனைவி சண்டை போடவில்லை. "டெஸ்ட் வைங்க சார். இந்தக் கடைசியிலேருந்து அந்தக் கடைசி போய்ட்டுத் திரும்பணும். ஒருத்தர் மேலயாவது இடிச்சா, எங்கயாவது விழுந்தா, நாங்களே வரமாட்டோம்."

டெஸ்ட் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பழைய உத்தியோகம் ஞாபகம் வந்திருக்கும். "உங்க ஸ்கூல்ல டெஸ்ட் நடக்குறப்ப பக்கத்து சீட்ல நீங்களா உக்காருவீங்க?"

மனைவி பொய் சொல்லத் தெரியாதவள். "இல்ல சார்."

"அப்ப வார் வேற ஆள் கையில இருக்கட்டும்."

கூடியிருந்தவர்கள் எல்லோரும், அன்று கூடவே போயிருந்த என்னைப் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி சொல்லிப் பார்த்தேன். "என் பேச்ச அது கேக்காது, உனக்கே தெரியும். வேற யாரையாவது பிடி."

"வேற யார் வாசமும் அதுக்குப் பழக்கம் இல்ல."

"பாலத்துல என்ன பண்றது?"

"நாய்க்குக் கத்துக் குடுத்தாச்சு. உங்களுக்குத்தான் குடுக்கல" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. செயலாளர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார். மனைவி வாசல் கேட்டருகே பாதைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முதல் ஒரு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனது. லெஃப்ட் என்றேன், வந்தது. மெதுவா என்றேன், மூன்று சைக்கிளும் ஒரு குழந்தை வண்டியும் எங்களைத் தாண்டிப் போயின. எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

பாலம் வந்தது.

"படி" என்றேன். ஸ்டெப்னி நின்றது. காது ஆடவில்லை. "படிம்மா" என்றேன். "கண்ணு, படி." பின்னால் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது. இனி நாளையிலிருந்து இது கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடக்கும், ஒவ்வொரு காலாகப் போகும், அதற்கு என் நாக்குதான் காரணம். நினைக்கவே அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், யார் மேல் என்று இல்லாமல் வரும். வாயை மூடிக்கொண்டு முதல் படியில் காலை ஓங்கி வைத்தேன்.

டங்.

ஸ்டெப்னியின் காது திரும்பியது. நான் குதிகாலால் மறுபடி தட்டினேன். டங். அது மூக்கை நீட்டியது, முன்னங்காலைத் தூக்கியது, சத்தம் வந்த இடத்தில் வைத்தது. நான் இரண்டாவது படிக்குப் போய்த் தட்டினேன். வந்தது. மூன்றாவது. அந்தப் பக்கம் இறங்க மூன்று. திரும்பி வரும்போது ஆறு. ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நான் வாயைத் திறக்காமல் சொல்லிக்கொடுத்த பாடம் இது ஒன்றுதான்.

கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். மனைவி அதே இடத்தில், அதே மாதிரி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். வலது செருப்புக்குக் கீழே சரளைக்கல் ஒரு சாண் அகலத்துக்குக் குழிந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரமும் பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறாள்.

"பாஸ்தாம்மா" என்றார் செயலாளர். "ஆனா ஒண்ணு. பாலத்துல சார் கமாண்ட் குடுக்கவே இல்ல. அவரே முன்னாடி ஏறிப் போயிட்டாரு, நாய் அவர் பின்னாடி வந்துருச்சு. அதுக்கு என்ன மார்க் போடுறதுன்னு தெரியல."

மனைவி திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை. குனிந்து ஸ்டெப்னியின் நாலு பாதத்தையும் தடவிப் பார்த்தாள். பிறகு மார்பு வாரிலிருந்த எல் போர்டை அவிழ்த்து, என் சட்டைப் பின்புறத்தில் ஊசியால் குத்தினாள். "அவ பாஸ். நீங்க இப்பத்தான் சேந்திருக்கீங்க." செயலாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதிலிருந்து காலை நடை என் பொறுப்பு. ஆறு மாதமாகிறது. ஸ்டெப்னி கொழுகொழுவென்று இருக்கிறது, பாலத்தை நான் தட்டுவதற்கு முன்பே ஏறுகிறது. எல் போர்டு மட்டும் இன்னும் என் முதுகிலேயே இருக்கிறது, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள்தான் குத்திவிடுவாள். நேற்றுக் காலை காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"இனிமேலாவது இந்த எல் போர்ட விட்டுரலாமா? எனக்குக் கால்ல பயம் போய் எவ்வளவோ நாளாச்சு."

"உங்களுக்குப் போயிருச்சு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் கேட்டத் தாண்டிப் போனா, எனக்குத்தான் இன்னும் போகல. இருந்துட்டுப் போகட்டும்."

மேசைக்குக் கீழே அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் திரும்பி, குத்திவிடச் சொல்லி முதுகைக் காட்டினேன்.