ஐந்து அங்குலச் சதுரங்கள்

எழுதிப் பழகாத ஒருத்தி எழுதுகிறாள் என்று படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. ஆனாலும் ஒரு துணிக்கட்டில் நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேரில் சொன்னால் சிரிப்பார்கள். எழுதினால் அவர்கள் சிரிப்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பவர்லூம் ஓடுகிறது. அது கணவர் பார்க்கிற வேலை. நான் முன் அறையில் உள்பாவாடை தைக்கிறேன். இருபது வருடமாக நேர்த்தையல்தான். என் தங்கை திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பன்னிரண்டாம் நாள் பார்க்கப் போனேன். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்னத் துணிக்கட்டை எடுத்து என் கையில் வைத்தாள். ரிப்பன் கட்டிய, செங்கல்லை விடச் சிறிய கட்டு. உள்ளே நாற்பத்திரண்டு துணிச் சதுரங்கள். எல்லாம் ஒரே அளவு, ஐந்து அங்குலம், ஓரமெல்லாம் ஜிக்ஜாக் கத்திரியால் வெட்டிய பல். ஒன்றில் பூ, ஒன்றில் கிளி, ஒன்றில் கோடு, ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை, ஆனால் நாற்பத்திரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஜாடை ஒத்திருந்தன. எண்ணாயிரம் பாவாடை தைத்திருப்பேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

"கொயந்த பொறந்தா குவில்ட் தைக்கலாம்னு ஆறு வருசம் முன்னாடி போன்ல வாங்கினேன்கா" என்றாள். "தெலுங்குல பொந்தனு சொல்றாங்களே, ஒட்டுத்துணி போர்வ, அதுதான். இருபத்தொண்ணாம் நாள் தொட்டில்ல போடும்போது இதுமேல போடணும். நீதான் தைக்கணும்."

"ஏதாவது நல்ல டைலரா பாரேன்."

"உன்ன வுட்டா யார் கைல குடுப்பேன் இத?"

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அத்தனையையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. தறித் துணி என்றால் கஞ்சி இருக்கும். ஊறவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் கத்திரி வைப்போம். அதோடு பச்சைக் குழந்தைக்கு நனைக்காத புதுத்துணி ஆகாது என்பதும் எங்கள் வழக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பக்கெட். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

வெளியே எடுக்கும்போது பல் ஓரமெல்லாம் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. பிரித்துப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டேன். கணவர் தறிக்கொட்டகையிலிருந்து வந்து பார்த்தார்.

"இன்னாமே இது, வெத்தல காயப்போட்ட மாதிரி?"

"தங்கச்சி துணி."

"துணியா? நூலா கீது."

காய்ந்ததும் டேப் வைத்தேன். ஒன்று நாலேமுக்கால், ஒன்று அதற்கும் குறைச்சல், ஒன்று ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டது. ஆறு வருடம் அவள் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஒரு மதியத்தில் கெடுத்துவிட்டேன். அவளுக்கு போன் செய்யத் தைரியம் வரவில்லை. அதே மாதிரி இன்னொரு கட்டு வாங்கி வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன்.

போனில் தேடினேன். அந்தக் கட்டு இப்போது வருவதில்லை. வேறு கட்டுகள் நிறைய இருந்தன, ஒவ்வொன்றுக்கும் தின்பண்டத்தின் பெயர் வைத்திருந்தார்கள். எது என்ன அளவு என்று புரியவில்லை. ஐந்து அங்குலச் சதுரம், பத்து அங்குலச் சதுரம், இரண்டரை அங்குல அகலத்தில் துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பட்டை பட்டையாக ஒரு சுருள். அப்புறம் ஃபேட் குவாட்டர் என்று ஒன்று.

"குவாட்டரா? துணிக்கடைலயும் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார் கணவர்.

"கால் கஜம்யா" என்றேன்.

ஆனால் கால் கஜம் என்றால் நாங்கள் அறிந்தது, ஒன்பது அங்குல உயரத்தில் நாற்பத்திநாலு அங்குல நீளப் பட்டை. இதில் பதினெட்டுக்கு இருபத்திரண்டு என்று போட்டிருந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு தினசரி பேப்பரை ஒட்டி, அரைக் கஜத்துக்கு வெட்டி, நடுவில் மடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. துணி அதே துணிதான். பட்டையாக வெட்டினால் ஒன்பது அங்குலத்துக்கு மேல் பெரிய பூ நிற்காது. இப்படி வெட்டினால் ஒரு மயிலே நிற்கும். தறிவீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இது தோன்றியதே இல்லை.

அப்புறம் விட முடியவில்லை. பாவாடைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேப்பரிலேயே எல்லா அளவையும் வெட்டித் தரையில் பரப்பினேன். பத்து அங்குலச் சதுரத்தை நாலாக்கினால் நாலு ஐந்து அங்குலம், ஒரு நூல் மிச்சமில்லை. ஐந்தைப் பாதியாக்கினால் பட்டையின் அகலம். பல்லின் நுனியிலிருந்து எதிர்ப்பல்லின் நுனி வரைக்கும் சேர்த்துத்தான் ஐந்து. அதில் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும், நாலரை வெளியே தெரியும். எங்கேயோ இருக்கிற ஒருவர், யார் கையில் போகும் என்றே தெரியாமல், அந்தக் கைக்கான கால் அங்குலத்தையும் யோசித்து வைத்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தறிச் சத்தம் நின்றதுகூடத் தெரியவில்லை.

எந்தக் கட்டு வாங்கினாலும் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. தொட்டிலுக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஆனால் இப்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஐந்து போனால் நாலரை. கெட்டது எல்லாவற்றையும் நாலரைக்குச் சமமாக வெட்டினால், தைத்தபின் நாலு அங்குலம் தெரியும். சின்னதாகும், ஆனால் ஒழுங்காக நிற்கும். ஒவ்வொன்றையும் மூச்சடக்கி வெட்டினேன். நாற்பது தேறின. இரண்டு, நூல் ஆழமாகப் பிரிந்து, தேறவில்லை. வரிசைக்கு ஐந்தாக எட்டு வரிசை. குறைந்த அகலத்தை ஈடுகட்ட, உள்பாவாடைத் துணியில் வெந்தய நிறம் எடுத்து, சுற்றிலும் மூன்று அங்குலம் பார்டர் கொடுத்தேன். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. ஐந்து நாளில் முடிந்தது. நாலு மூலை சேரும் இடத்தில் தையல்கள் ஒரு புள்ளியில் சந்தித்ததைப் பார்த்தபோது, இதை நானா தைத்தேன் என்று இருந்தது.

தொட்டில் நாளன்று புத்தூர் வழியாக பஸ்ஸில் போனேன். ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட முடிவு செய்திருந்தேன். தங்கை விரித்துப் பார்த்தாள். விரலை ஒவ்வொரு சதுரமாக வைத்துக்கொண்டே போனாள்.

"நாப்பதுதான்கா கீது. கிளி ஒண்ணும், நீலக் கோடு ஒண்ணும் எங்க?"

ஆறு வருடத்தில் அவள் அதை எத்தனை தடவை பிரித்துப் பார்த்து, மறுபடி ரிப்பன் கட்டியிருப்பாள் என்று அப்போதுதான் புரிந்தது. பையிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து நீட்டினேன்.

"தண்ணில போட்டுட்டேன்டி. எல்லாம் சுருங்கிப்போச்சு. சொல்லப் பயந்துக்கினு..."

அவள் பிரிந்த நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எதுக்குக்கா தண்ணில போட்ட?"

"பாப்பாக்கு புதுத்துணி ஆவாதுன்னு."

"அது பொறக்கறதுக்கு முன்னாடி இதுல ஒண்ண ஊசில குத்தக்கூட எனக்கு தைரியம் வர்ல" என்றாள். "நீ பக்கெட்லயே போட்டுட்ட."

அவளுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. பிறகு குழந்தையைத் தூக்கி, தொட்டிலில் விரித்த அந்தச் சதுரங்களின் மேல் தானே கிடத்தினாள். குழந்தை காலை உதைத்தது. தங்கை குனிந்து பார்டரை மட்டும் ஒருமுறை தடவினாள்.

"இது மட்டும் நம்ம ஊரு துணி, இல்ல?"

"ஆமா."

"நல்லா கீதுக்கா."

மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன். மழைத் தூறல். மதியம் இருபது பாவாடைக்கு நாடா கோத்தேன்.