கொசுறாகப் போட்ட பிளக்

வயரிங் தொழிலில் ஒழுங்காகச் செய்த வேலை சுவரோடு சுவராகக் கிடக்கும். செய்த தப்புதான் புகையாக வெளியே வந்து ஆளைக் காட்டிக் கொடுக்கும். எலக்ட்ரீஷியனிடம் மாட்டிக்கொண்டு அவதிப்பட்ட உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் ஆரணியில் பாதித் தெருவுக்கு வயர் இழுத்தவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது; மீதியை ஷாக்கும் பேரமும் சொல்லிக் கொடுத்தன.

பேரம் படிந்தது

முனுசாமி பட்டு நெசவுக்காரர். ஒரே அறை, ஒரு பக்கம் தறி, இன்னொரு பக்கம் சமையல். லைட்டும் ஃபேனும் போதும் என்றார். நான் சொன்ன கூலியில் பாதிக்குக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, "கூலியில ஒத்தப் பைசா குறையாது. வேணும்னா தறிகிட்ட ஒரு பிளக் கொசுறா போட்டுத் தரேன்" என்றேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

கொசுறுக்குத் தனி வயர் இழுப்பானா எவனாவது? லைட்டுக்குப் போன மெல்லிய வயரிலிருந்தே பிரித்துக் கொடுத்தேன். முனுசாமியின் மனைவி தனம் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏண்ணா, கொசுறுன்னாலும் நல்லதாத்தானே போடுவீங்க?"

ஃபியூஸில் சரிகை

இரண்டு வருஷம் கழித்து, லைட் விட்டு விட்டு எரிகிறது என்று முனுசாமி கூப்பிட்டார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால், கம்பிக்குப் பதில் முறுக்கிய சரிகை! "குடும்பத்தோட எரிஞ்சி போவணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் அசரவில்லை. "கம்பி போட்டா தினம் புட்டுக்கினு போவுது மேஸ்திரி. லைட் இல்லாம எப்படி நெய்யறது? சரிகை பாரு, கெட்டியா நிக்குது."

தினமும் ஏன் போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கொசுறு பிளக்கில் கரண்ட் அடுப்பை மாட்டிச் சமைக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்திருக்கும். கோபத்தில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சரியான கம்பியைப் போட்டுவிட்டு மொபெட்டை உதைத்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனம் ஓடிவந்தாள். நான் நிறுத்தவில்லை; அவள் குரல் மட்டும் பின்னால் வந்தது. "ண்ணா, இருங்கண்ணா, அந்தப் பிளக்கு தொட்டா சுடுதுங்க!"

எரிந்த தூளி

மூன்றாவது வாரம் பட்டப்பகலில் அந்தப் பிளக் உருகித் தீப்பிடித்தது. ஃபியூஸில் மறுபடியும் சரிகைதான். பொறி விழுந்தது பக்கத்தில் கட்டியிருந்த தூளியின் மேல். எரிகிற துணியை வெறுங்கையால் கிழித்துக் குழந்தையை வெளியே எடுத்தாள் தனம். குடத்தோடு ஓடிவந்தவர்களிடம், "தண்ணி ஊத்தாதீங்க, மொதல்ல மெயினை அணைங்க" என்று கத்தியதும் அவள்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற விரல்கள்.

கேள்விப்பட்டதும் ஓடினேன். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுப்புக்குத் தனியாகக் கனத்த வயர், தனி ஸ்விட்ச், தனி ஃபியூஸ் என்று இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். கூலி வேண்டாம் என்றேன். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி தனம்தான் பேசினாள். "கூலி வாங்கிக்கினு போங்கண்ணா. கொசுறு எங்களுக்கு வேணாம்."

இன்றைக்கும் பேரம் பேசுகிறேன், கத்தவும் செய்கிறேன். கொசுறு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.